பெண் விளையாடப் போகிறேன் என்கிறாள்: வீட்டில் எந்த முடிவு எடுப்பது?

அண்ணி வாஷிங் மெஷினைத் துடைக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கதவு ரப்பரின் மடிப்புக்குள் கடுகு அளவில் கருப்புக் கருப்பாகத் துணுக்குகள். செயற்கைப் புல் மைதானத்தில் கொட்டி வைத்திருக்கும் ரப்பர்த் துகள் அது, காலுறைக்குள் புகுந்துகொண்டு வீடுவரை வந்துவிடும். என் அண்ணன் மகளுக்கு 15 வயது. நூலகத்தில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மாதமாக வாரத்தில் இரண்டு மாலை கால்பந்துப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று ராத்திரியே அண்ணன் போன் செய்தார். "நீயாவது சொல்லி நிறுத்தும்மா." அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அத்தை, நீங்களாவது அப்பாகிட்ட பேசுங்க." நான் உடனே யார் பக்கமும் பேசவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு நிலைமையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எது கையை விட்டுப் போகும், எது மிஞ்சும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். சொந்த நாட்டை விட்டு வந்து குடியேறிய நிறைய வீடுகளில் இதே சண்டை நடக்கிறது என்பதால் அதை அப்படியே சொல்கிறேன்.

எழுதும்போது ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு வழிக்கும் நல்லது கெட்டது என்று பட்டியல் போட்டால் இரண்டு பக்கமும் சமமாக நீண்டுகொண்டே போகிறது, முடிவு வருவதில்லை. அதனால் ஒரே ஒரு கேள்வியை வைத்து அளந்தேன்: இது தப்பாகப் போனால் பிறகு சரிசெய்ய முடியுமா? விட்ட படிப்பை 25 வயதில் பிடிக்கலாம், சிரமம்தான், ஆனால் முடியும். 15லிருந்து 19 வரையான உடம்பு திரும்ப வராது, அந்த வயதில் கிடைக்க வேண்டிய பயிற்சியை 25ல் போய் வாங்க முடியாது. அப்பா அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் ஒட்ட வைக்க வருடக்கணக்காகும். பெற்றோர் பெரும்பாலும் முதலாவதைத்தான் பெரிய நஷ்டமாகப் பார்க்கிறார்கள். என் கணக்கில் மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம்.

முதல் வழி, விளையாட்டை விட்டுவிடுவது. அண்ணன் கேட்டது இதைத்தான். வீட்டில் உடனே அமைதி வரும், படிப்புக்கு நேரம் கிடைக்கும், தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் இருக்கும். அவளாகவே யோசித்து, எனக்கு இது போதும் என்று விட்டால் அதில் எந்தக் குறையும் இல்லை, விட்டவர்கள் திரும்பி வந்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 2014ல் டென்னிஸை விட்டு விலகி, கொஞ்ச காலம் கிரிக்கெட் ஆடி, 2016ல் திரும்பி வந்து, 2019ல் பிரெஞ்சு ஓப்பனும் 2021ல் விம்பிள்டனும் ஜெயித்தார். ஆனால் அவர் விட்டது அவருடைய முடிவு. பிடுங்கப்பட்டது வேறு. பிடுங்கப்பட்டால் அந்தப் பெண் 30 வயதில் என்ன வேலையில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், "நான் எங்கே போயிருப்பேனோ" என்ற கேள்வி அவளோடுதான் இருக்கும், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே வீட்டில் தம்பி மட்டும் சனிக்கிழமை காலையில் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தக் காயம் இரட்டிப்பாகும். இந்த ஒரு அநியாயத்தைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

இரண்டாவது வழி, ஒளித்து விளையாடுவது. அவள் ஏழு மாதமாகச் செய்தது. இதை நான் இருப்பதிலேயே மோசமான வழி என்று சொல்வேன். அவள் பொய்க்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் பொய் சொல்கிற பெண்ணே இல்லை, நேராகக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் 'வேண்டாம்' என்று வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அந்த இடத்துக்கு அவளைத் தள்ளியதில் எங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஒளிப்பதன் ஆபத்து வேறு ஜாதி. முட்டியில் தசைநார் கிழிந்து மைதானத்தில் விழுந்தால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? கால்பந்தில் இந்தக் காயம், கோச்சுகள் ஏசிஎல் என்பார்களே அது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்ப 9 மாதமோ அதற்கு மேலோ ஆகும். காயத்தை மறைத்து நொண்டாமல் நடக்கப் பழகிய பெண்களை நான் அறிவேன். எங்கள் பெண்ணும் ஒருமுறை கணுக்கால் வீங்கி, மாடிப்படியில் தவறிவிட்டேன் என்று சொல்லி, ஐஸ் கட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். இன்னொன்று, வீட்டுக்குத் தெரியாது என்பது வெளியில் ஒரு பெரியவருக்குத் தெரிந்துவிட்டால் அது அவர் கையில் ஒரு பிடி. நல்ல கோச் வீட்டில் பேசச் சொல்வார். கெட்டவர் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வார். ஒளித்து விளையாடுகிற பிள்ளைக்கு ஏதாவது தப்பு நடந்தாலும் வீட்டில் வந்து சொல்ல வழியில்லை, ஏனென்றால் சொன்னால் முதலில் அவள் பொய் வெளியே வரும். பெற்றோரே, 'வேண்டாம்' என்று ஒரே அடியாகச் சொல்வதன் விலை இதுதான். விளையாட்டு நிற்காது, உங்களுக்குத் தெரிவதுதான் நிற்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் விட்டு முழுநேரமாக அகாடமியில் சேர்வது, தேவைப்பட்டால் வீட்டை விட்டுப் போய்த் தங்குவது. பிள்ளைகளின் கனவில் இதுதான் இருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டும்: அகாடமியில் சேர்கிறவர்களில் மிகச் சிலர்தான் விளையாட்டை வைத்துப் பிழைக்கிறார்கள், பெண்கள் விளையாட்டில் சம்பளம் பெரும்பாலான நாடுகளில் இன்னும் ஒரு குடும்பம் நடத்தும் அளவுக்கு வரவில்லை. அதோடு குடியேறிய குடும்பங்களுக்கு மட்டும் வரும் சிக்கல்கள் இருக்கின்றன. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்குப் பதிவு செய்வது பொதுவாகத் தடை, சில விலக்குகள் மட்டும் உண்டு. கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிவந்திருந்தால் விலக்கு கிடைக்கும், ஆனால் அதற்குப் பெற்றோரின் வேலை, விசா, எப்போது வந்தோம் என்கிற காகிதங்கள் எல்லாம் வேண்டும். ஆகவே வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று ஒரு ஏஜென்ட் 15 வயதுப் பெண்ணின் அப்பாவிடம் வந்தால் கதவைச் சாத்திவிடலாம். தேசிய அணிக்குக் கூப்பிட்டால் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், விண்ணப்பம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் வாய்ப்பு வரும் நாளில் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவுக்கும் பிறகும், அந்த நாட்டிலேயே ஒரு நல்ல அகாடமி, பள்ளிப் படிப்போடு சேர்த்து, பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளரோடு, கூப்பிட்டால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூப்பிடாதபோது இதற்காகச் சண்டை போட்டு உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன்.

நான்காவது வழியை நிறைய பேர் யோசிப்பதே இல்லை: வீட்டார் ஏற்கக்கூடிய வேறு விளையாட்டு. அமெரிக்காவின் இப்திஹாஜ் முகமது கதையில் இது அழகாக இருக்கிறது. அவருடைய அம்மா காரில் போகும்போது ஒரு பள்ளியில் வாள்வீச்சுப் பயிற்சி நடப்பதைப் பார்த்தார், உடம்பு முழுக்க மூடிய உடை, என் மகளுக்கு இது பொருந்தும் என்று நினைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்த மகள் ஹிஜாப் அணிந்து ஆடி, சேபர் என்ற வாள் வகையின் அணிப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். குடியேறிய குடும்பம் அல்ல அவருடையது, ஆனால் அந்த அம்மாவின் அணுகுமுறை எந்த வீட்டுக்கும் பாடம்தான், தடை சொல்லிக்கொண்டே நிற்காமல் வழியைத் தேடிப் போனார். எட்டு ஒன்பது வயதில் இன்னும் எதிலும் மனம் பதியாத பிள்ளைக்கு இது மிக நல்ல வழி. ஏற்கெனவே கால்பந்தில் மனம் பதிந்துவிட்ட பெண்ணிடம் போய் பேட்மின்டன் ஆடு என்றால் அவள் காதில் 'நிறுத்து' என்றுதான் விழும்.

அதிலும் உடைதான் பிரச்சினை என்றால், விளையாட்டை மாற்றுவதற்கு முன்னால் விதி என்ன சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கால்பந்தில் தலையை மூட 2014லிருந்தும் கூடைப்பந்தில் 2017லிருந்தும் அனுமதி இருக்கிறது. 2023 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு ஆடினார், பெண்கள் உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் வீராங்கனை அவர்தான். கால் தெரிகிறது என்பதுதான் கவலை என்றால் ஷார்ட்ஸுக்குள்ளே லெக்கிங்ஸ் போட்டு ஆடுகிறவர்கள் எவ்வளவோ பேர். இதற்காக ஒரு கனவை முடக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, நான் சாயும் பக்கம்: படிப்பும் ஆட்டமும் இரண்டும், ஆனால் தேதி போட்டு, எழுதி வைத்து. 'இரண்டையும் பார்த்துக்கொள்' என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது இதில் சேராது. அது யாருக்கும் பொறுப்பில்லாத பேச்சு, முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் உடைந்துவிடும்.

முடியுமா என்றால் முடிந்தவர்கள் இருக்கிறார்கள். நாதியா நாதிம் ஆப்கானிஸ்தானில் பிறந்தவர், அவர் அப்பாவைத் தாலிபான்கள் 2000ல் கொன்றார்கள், அம்மாவோடும் சகோதரிகளோடும் டென்மார்க்குக்குத் தப்பி வந்து அங்கே அகதி முகாமில்தான் கால்பந்து பழகினார். டென்மார்க் அணிக்கு ஆடி, 2017 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் போட்டார், ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து 2022ல், 34 வயதில், டாக்டரானார். இங்கிலாந்தின் ஈஷா குஹா இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள், 2002ல் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கு ஆடத் தொடங்கி, லண்டனில் உயிர்வேதியியல் பட்டம் வாங்கி, 2009ல் உலகக் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். எம்மா ரடுகானுவின் அப்பா ருமேனியர், அம்மா சீனர். 2021ல் பள்ளி இறுதித் தேர்வை முடித்த சில மாதங்களில், 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து ஒரு செட்கூடத் தோற்காமல் யுஎஸ் ஓப்பனை ஜெயித்தார். இவர்கள் எல்லாம் லட்சத்தில் ஒருவர், உங்கள் பெண்ணும் இப்படி வருவாள் என்பதற்காகச் சொல்லவில்லை. படிப்பும் ஆட்டமும் ஒரே உடம்பில் இருக்க முடியும், அதுவும் அகதி முகாமிலிருந்து தொடங்கிய வாழ்க்கையில்கூட, என்பதற்காக மட்டும் சொல்கிறேன். பல நாடுகளில் கல்லூரிகள் விளையாட்டுக்கு உதவித்தொகையும் தருகின்றன. ஆனால் முழுச் செலவையும் ஏற்பது குறைவு, பாதியோ கால்வாசியோதான் பலருக்குக் கிடைக்கும், அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடும் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. அதை நம்பி வீட்டு வரவுசெலவைப் போடாதீர்கள்.

இந்த வழியின் சிரமம் பேச்சில்தான் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சமையலறை மேசையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். அண்ணன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. ஆரம்பத்தில் அவர் சொன்னதெல்லாம் வழக்கமானவை. பெண் பிள்ளைக்கு எதற்கு, சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், வெயிலில் கறுத்துப் போகிறாள், நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால். அவள் வாயைத் திறக்கப் போனாள், நான் கையைப் பிடித்து அழுத்தினேன். முக்கால் மணி நேரம் போன பிறகு அவர் கேட்ட கேள்வி: "பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்?" ஒன்பதே காலுக்கு. "அதுக்கப்புறம் எதுல வீட்டுக்கு வருவ?" பஸ்ஸில். "பஸ் ஸ்டாப்ல யார் இருப்பா?" யாரும் இல்லை, அவள் தனியாகத்தான் நிற்பாள், சில நாள் 20 நிமிடம். அவர் முகம் மாறிப்போனது. அந்த ஏழு மாதமும் தன் மகள் இருட்டில் தனியாக நின்றிருக்கிறாள், தான் எங்கோ வேலையில் இருந்திருக்கிறோம் என்பதுதான் அவரை உடைத்தது, கால்பந்து அன்றைக்கு அவர் மனதில் பின்னுக்குப் போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் வரும் காரணங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். ஊர் பேசும் என்பதற்குப் பதில் கிடையாது. பஸ் ஸ்டாப்புக்குப் பதில் உண்டு, அதே தெருவில் இருக்கும் இன்னொரு பெண்ணின் அம்மா இருவரையும் காரில் கூட்டி வரச் சம்மதித்தார்.

பெற்றோர் சொல்லும் இன்னொன்று, "இதெல்லாம் இந்த நாட்டுக்காரர்களின் பழக்கம், நமக்கு ஒத்துவராது." இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள், கால்பந்து விதிகளை எழுதிய நாடு. 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே கால்பந்துச் சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது, பெண்களுக்கு இது பொருந்தாது என்று தடை போட்டது, அதை எடுக்க 1971 வரை ஆனது. அங்கேயும் பெண்கள் சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள். யார் வீட்டுப் பழக்கமாகவும் அது பிறக்கவில்லை.

கோச்சிடம் பேசும்போது ஒரு எச்சரிக்கை. அப்பா அம்மாவுக்கு அந்த ஊர் மொழி சரியாக வராது, பிள்ளைதான் எப்போதும் மொழிபெயர்ப்பாள், வங்கிக் கடிதத்திலிருந்து டாக்டர் சொல்வதுவரை. இந்த விஷயத்தில் மட்டும் அவளை வைத்துப் பேசாதீர்கள். கோச் சொல்வதில் பாதியை அவள் விட்டுவிடுவாள் என்று அப்பாவுக்குச் சந்தேகம், அப்பா கேட்பதை அப்படியே சொல்ல அவளுக்கு வெட்கம். ஒரு சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, பள்ளியில் ஏற்பாடு செய்து தரும் ஆளோ வேண்டும். நான் அன்று அந்த வேலையைத்தான் செய்தேன். காயம் பற்றி, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்பது பற்றி, வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் தங்குமிடம் பற்றி அண்ணி சளைக்காமல் கேட்டார், கோச் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார், பயிற்சிக்கு முன்னால் காயத்தைக் குறைக்க 20 நிமிடம் செய்யும் ஃபிஃபா 11+ பயிற்சிகளைக்கூட அண்ணி எதிரிலேயே பிள்ளைகளைச் செய்யச் சொல்லிக் காட்டினார்.

ஆறாவதாக ஒரு வழியும் என் நோட்டில் இருந்தது, ஆட்டத்துக்குள்ளேயே வேறு வேலை: நடுவர், பிசியோதெரபி, கோச்சிங். 2022ல் ஆண்கள் உலகக் கோப்பையில் ஜெர்மனி–கோஸ்டாரிகா ஆட்டத்தை நடத்தியவர் ஸ்டெஃபனி ஃப்ரப்பார் என்ற பெண்தான். நல்ல வழிதான், ஆனால் 15 வயதில் ஆட ஆசைப்படுகிறவளிடம் இதை ஆறுதல் பரிசாக நீட்டக் கூடாது. பிறகு அவளே தேடி வந்தால் வரட்டும்.

கடைசியில் எங்கள் வீட்டில் எழுதிய தாளில் இருப்பது இவ்வளவுதான். ஒரு வருடம் விளையாடலாம். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு ஆட்டம். அந்த இரண்டு மாலையும் தம்பியைக் கூட்டி வருவது அண்ணன் பொறுப்பு, ஷிஃப்டை மாற்றிக்கொள்வார். எங்கே போனாலும் வீட்டுக்குத் தெரிந்துதான் போக வேண்டும். காயம் என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும், சொன்னதற்காக யாரும் திட்டக் கூடாது, இது அவள் கேட்டு எழுத வைத்தது. மதிப்பெண் குறைந்தால் உடனே நிறுத்துவது கிடையாது, உட்கார்ந்து பேசி நேரத்தை மாற்றிப் பார்ப்பது. தேர்வு மாதத்தில் பயிற்சி பாதி. வருடம் முடிந்ததும் கோச், பெற்றோர், அவள் மூன்று தரப்பும் உட்கார்ந்து அடுத்த வருடத்தை முடிவு செய்வது. பொய் பற்றி ஒரு வரி வேண்டும் என்றார் அண்ணன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தானே எழுதினாள்.

வீட்டில் பேசவே முடியாது, அடி விழும், பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற நிலைமையில் இருக்கும் பெண்களுக்கு மேலே சொன்ன மேசைப் பேச்சு பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு, நம்பக்கூடிய ஒரு ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்வது. ஆட்டம் அப்புறம்.

அண்ணன் முதல் மாதம் காரை விட்டு இறங்கவில்லை. இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார், ஆஃப்சைட் என்றால் என்ன என்று என்னைப் போனில் கேட்டார். தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அடுத்த பேச்சு ஜூனில். கணக்கில் அவளுக்கு ஆறு மதிப்பெண் குறைந்திருக்கிறது, யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே அதைப் பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.